வட்டத்துக்கு என்ன அர்த்தம்

லேபிள் அச்சகத்தில் அவளுக்குக் கமா என்று பெயர். பிழை திருத்துகிற பெண். எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் எங்காவது ஒரு காற்புள்ளியைச் செருகிவிட்டுத்தான் மூச்சு விடுவாள் என்று அச்சு இயந்திரக்காரர் வைத்த பெயர் அது. இப்போது வீட்டில் அக்காவும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அந்தக் கமாவின் கண்ணைத் தப்பி, இரண்டு மாதத்தில் மூன்று பிழைகள் அச்சேறிவிட்டன. முதலாவது, ஷாம்பு பாட்டிலில் "நீளமான தலைமுடிக்கு" என்பது "நீளமான தலைமுடிவுக்கு" என்று போனது. இரண்டாவது, இருமல் மருந்தில் "குடிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்" என்பது "குலுங்கவும்" ஆனது. மூன்றாவது, ஒரு பிஸ்கட் பொட்டலத்தில் பதின்மூன்றாம் மாதம் என்று காலாவதித் தேதி.

"குலுங்கவும்னு படிச்சிட்டு யாராவது குலுங்கியிருந்தா என்னம்மா பண்ணுவ?" என்று கேட்டார் முதலாளியம்மா. சிரிக்கவில்லை. "நாலாவது ஒண்ணு வந்துச்சுன்னா இந்த மேஜை உனக்கு இல்ல. பேக்கிங்ல போய் ரோல் சுத்து."

பேக்கிங்கில் ரோல் சுற்றுவது கேவலமான வேலை இல்லை. ஆனால் அங்கே வாசிக்க எதுவும் இல்லை. நாள் முழுக்க எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பதையே வேலையாகக் கொடுக்க இன்னோர் இடம் கிடைக்கும் என்று கமாவுக்கு நம்பிக்கை இல்லை. இந்த மேஜை போனால் போனதுதான்.

அவளுக்குப் புரியாதது இதுதான்: முன்பெல்லாம் ஒரு பக்கத்தை இரண்டு தடவை படித்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். இப்போது வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல் நழுவிவிடுகிறது. மண்டைக்குள் யாரோ பஞ்சை அடைத்துவைத்த மாதிரி இருக்கிறது.

இந்தச் சமயத்தில் ஒரு திங்கட்கிழமை, திருத்துவதற்காக ஒரு புது லேபிளின் முதல் அச்சுப்படி அவள் மேஜைக்கு வந்தது. கூடவே வண்ணம் ஒத்துப்பார்க்க, லேபிள் ஒட்டாத ஒரு மாதிரி பாட்டில். உள்ளே கேப்ஸ்யூல் எனப்படும் பச்சைக் கூட்டு மாத்திரைகள். லேபிளில் பெரிய எழுத்தில் இருந்தது: "மூளை ஏற்பிகளைத் தூண்டி நினைவாற்றலை வளர்க்க உதவும் துணை ஊட்டம்."

கமா அந்த வரியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒற்று சரி. சந்தி சரி. ஆனால் ஏற்பி என்றால் என்ன? அர்த்தம் தெரியாத சொல்லைச் சரி என்று எப்படிச் சொல்வது?

"வேலை முடிஞ்சதும் அந்த பாட்டில் உனக்குத்தான்," என்றார் முதலாளியம்மா, போகிற போக்கில். "யாருக்குத் தேவையோ அவங்க எடுத்துக்கட்டும்."

அச்சகமே திரும்பிப் பார்த்தது. கமா பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டாள்.

*

மாலை வகுப்பில் கணினி படிக்கும்போது அவள் பக்கத்தில் உட்காருகிறவள் மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண். இடைவேளையில் இருவரும் காபி இயந்திரத்தடியில் நின்றார்கள்.

"ஏய், ஏற்பின்னா என்னடி?"

"எதுக்குக் கேக்கற?"

கமா பாட்டிலை எடுத்துக் காட்டினாள். கடைக்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் காபியை உறிஞ்சினாள்.

"முடி வெட்டற கடை பாத்திருக்கியா? அதுல நாற்காலி இருக்குல்ல, அதான் ஏற்பி. மூளைல ஒவ்வொரு செல்லுக்கு வெளியிலயும் அந்த மாதிரி நாற்காலி இருக்கு. வெட்டிக்க வந்தவன் உக்காந்தாத்தான் கடைல வேலை நடக்கும்."

"யாரு வருவா?"

"மூளையே செய்யற ரசாயனங்க. ஒவ்வொண்ணுக்கும் தனி நாற்காலி. மாறி உக்கார முடியாது. ஆனா சில ஆளுங்க பேப்பர் படிக்கறதுக்குன்னே கடைக்கு வருவாங்க பாரு? அவங்களும் அதே நாற்காலில பொருந்தி உக்காந்துக்குவாங்க. முடியும் வெட்டிக்க மாட்டாங்க, எந்திரிக்கவும் மாட்டாங்க. வேலை நின்னு போச்சு. அவ்வளவுதான்." கோப்பையை உயர்த்திக் காட்டினாள். "இந்தக் காபி அப்படி ஒரு ஆளு."

"காபியா? காபி குடிச்சா வேலை ஓடுதே!"

"கேளு. முழிச்சிருக்க முழிச்சிருக்க, அடினோசின்னு ஒண்ணு மூளைல சேந்துக்கிட்டே வரும். அது தன் நாற்காலில உக்காந்தா தூக்கம் வரும். காபி முந்திக்கிட்டுப் போய் அங்க பேப்பரை விரிச்சிடும். அதனால தூக்கம் வரல."

"அப்ப அந்தக் களைப்பு எங்க போகும்?"

"எங்கயும் போகாது. வாசல்ல நிக்கும். காபி எந்திரிச்சதும் மொத்தமா உள்ள வரும்."

கமா நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். பிறகு தலையைத் தூக்கினாள். "அப்ப இந்த மாத்திரை? இது வெட்டிக்க வர்ற ஆளா, பேப்பர் படிக்கற ஆளா?"

"ரெண்டும் இல்ல. நினைவுக்கு அசிடைல்கோலின்னு ஒரு ஆளு முக்கியம். அதைச் செய்யறதுக்கு மூலப்பொருள் கொஞ்சம் இதுல இருக்கலாம். அது மூளை வரைக்கும் போகுதா, போனாலும் உன்ன மாதிரி ஆளுக்கு உதவுதான்னு எனக்குத் தெரியாது. அடிச்சுச் சொல்றவன் விக்கறவனாத்தான் இருப்பான்." கோப்பையைக் கசக்கிப் போட்டாள். "வேற ஏதாவது மருந்து சாப்பிடறியா?"

"இல்லையே," என்றாள் கமா.

வீட்டுக்குப் போய் நோட்டைப் பிரித்தபோது இப்படி இருந்தது: "செல் = கடை. ஏற்பி = நாற்காலி. காபி = பேப்பர் படிப்பவர். மாத்திரை = வாடிக்கையாளரைச் செய்யும் மூலப்பொருள் (?). அப்படியானால் முடி வெட்டுபவர் யார்?" வகுப்பில் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது, இப்போது குழம்பிய குட்டையாகக் கிடந்தது.

"என்னடி எழுதியிருக்க?" என்று எட்டிப் பார்த்தார் மாமா. அக்காவின் கணவர். லிஃப்ட் பழுது பார்க்கிறவர்.

"ஏற்பி, மாமா. மூளைல இருக்கு."

"ஏப்பமா? மூளைக்கு ஏப்பம் வருமா?"

"ஏற்பி!"

"அதைத்தான் கேக்கறேன். எது வழியா வரும், காது வழியாவா?"

தையல் இயந்திரத்திலிருந்து அக்காவின் சிரிப்பு கேட்டது. அக்கா வீட்டிலிருந்தபடி துணி பிடித்தும் தளர்த்தியும் கொடுக்கிறவள். அவள் விரலுக்குத் தப்பிய நூல் கிடையாது.

கமாவுக்கு அந்த விரல்களைப் பார்த்ததும்தான் யோசனை வந்தது. மாத்திரை வேலை செய்கிறதா என்று கடைக்காரிக்குத் தெரியாது, லேபிளை நம்ப முடியாது. தானே சோதித்துப் பார்த்தால் என்ன? உதவினால் மேஜை பிழைக்கும். உதவாவிட்டால் அதுவாவது தெரியும்.

முறையாகத் திட்டம் போட்டாள். பத்து வேலை நாள். ஐந்து நாள் மாத்திரை, ஐந்து நாள் வெறும் கூடு. எது எந்த நாள் என்று தனக்கே தெரியக்கூடாது. தெரிந்தால் மனசு ஏமாற்றும். சில கூடுகளைத் திறந்து, மருந்தைக் கொட்டிவிட்டு, சர்க்கரைப் பொடி நிரப்பி மூடவேண்டியது அக்கா. காலையில் இருபது சொற்களை அக்கா ஒரு தடவை வாசிப்பாள். மாலை வகுப்பு முடிந்து வந்து கமா ஒப்பிக்கவேண்டும்.

சீட்டுக் குலுக்கிப் போட்டு, பத்து நாளுக்கும் தாளில் வட்டமோ சாய்கோடோ போட்டு, மடித்து ஒட்டி அக்காவிடம் நீட்டினாள்.

"எழுதினது நீதானே? உனக்குத் தெரியுமே," என்றார் மாமா.

"திங்கக்கிழமைக்குள்ள மறந்துடும் மாமா. அதுக்குத்தானே இந்த ஆராய்ச்சியே."

*

இரண்டு வாரம் ஓடியது. அக்கா தன்னைச் சுற்றி இருப்பதையெல்லாம் சொல்லாக்கினாள்: கொக்கி, காஜா, பொத்தான், சாக்கட்டி, மாமாவின் கிழிந்த பை. ஒருநாள் பட்டியலில் "கமாவின் மறதி" என்றே ஒரு சொல் இருந்தது. அன்று அதைத்தான் கமா மறந்தாள்.

அச்சகத்தில் புது லேபிளின் வேலையும் நகர்ந்தது. முதல் படியில் ஆறு திருத்தங்கள் போட்டாள். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: "வேறு மருந்து எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே பயன்படுத்தவும்." எடுத்துக்கொள்பவர்கள், இது சேர்த்தா, பிரித்தா? பதினோரு தடவை படித்தாள். சேர்த்துத்தான். சந்தேகம் தீர்ந்து, அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். அச்சகத்தில் வட்டம் என்றால் "சரியாக இருக்கிறது, தொடாதே" என்று அர்த்தம். சாய்கோடு என்றால் "மாற்று."

இரண்டாம் வாரம் வியாழக்கிழமை திருத்திய படி வந்தது. காகிதம் வெட்டுகிற கட்டர் இயந்திரம் அன்று அவள் காதருகே கடகடத்துக்கொண்டிருந்தது. கண் செருகியது. சாய்கோடு போட்ட ஆறு இடங்களையும் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டாள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அச்சு.

*

வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு இல்லை. சமையலறை மேஜையில் தாளைப் பிரித்தார்கள். மாமா கணக்குப் போடுகிறவர் மாதிரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

முதல் வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை: எட்டு, பதினான்கு, ஏழு, ஒன்பது, பதினைந்து. இரண்டாம் வாரம்: எட்டு, பதின்மூன்று, ஒன்பது, ஏழு, பதினான்கு.

கமா வட்டம் போட்ட நாட்களைத் தனியாகக் கூட்டினாள். ஐம்பத்தாறு. சாய்கோட்டு நாட்களைக் கூட்டினாள். நாற்பத்தெட்டு.

"அக்கா!" குதித்தாள். "வேலை செய்யுதுக்கா! மாத்திரை சாப்பிட்ட நாள்ல எட்டு சொல் அதிகம்!"

அக்கா நெற்றியைச் சுருக்கினாள். "மாத்திரை சாப்பிட்ட நாளா? வட்டம் போட்டதா?"

"ஆமா. வட்டம்னா அப்படியே விடு. மாத்திரைய மாத்தாம அப்படியே குடுன்னு அர்த்தம். கோடுன்னா மாத்து, சர்க்கரை போடு."

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "ஐயையோ."

"என்னக்கா?"

"வட்டம்னா சைபர்டி! சைபர்னா ஒண்ணுமில்ல. நான் சர்க்கரை போட்டேன். கோடு ஒண்ணு மாதிரி இருந்துச்சு. ஒண்ணுன்னா ஒரு மாத்திரை. மாத்திரை குடுத்தேன்."

மாமா தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப மாத்திரை சாப்பிட்டா மறதி, சர்க்கரை சாப்பிட்டா ஞாபகமா?" என்றார் மாமா. "நம்ம வீட்டுலயே ஒரு டப்பா மருந்து இருக்கு பாரு, இத்தனை நாளா தெரியல."

கமாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே தாள், ஒரே எண்கள். ஒரு நிமிடத்துக்கு முன்னால் மாத்திரை அவளைக் காப்பாற்றியது; இப்போது அதுவே கவிழ்த்தது. இரண்டையும் நம்பினாள், இரண்டையும் நம்பவில்லை. எண்களையே வெறித்துப் பார்த்தாள். வட்டத்தையும் கோட்டையும் கையால் மறைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

பதினான்கு, பதினைந்து, பதின்மூன்று, பதினான்கு. நல்ல எண்கள் நான்கும் செவ்வாயும் வெள்ளியும்தான். மாத்திரையோ சர்க்கரையோ, மற்ற நாளெல்லாம் பத்தைத் தாண்டவில்லை.

"செவ்வாய், வெள்ளில என்னடி விசேஷம்?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல. அன்னிக்குக் கட்டர் ஓடாது. கட்டர் ஓடினா காகிதத் தூசி பறக்கும், எனக்குத் தும்மல் வரும்."

"தும்மினா மறந்துடுமா?"

"தும்ம மாட்டேன். காலைலயும் மத்தியானமும் தும்மல் மாத்திரை போட்டுக்குவேன்ல, கட்டரை என் மேஜைப் பக்கம் கொண்டுவந்து போட்டதிலிருந்து..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். கட்டரைக் கொண்டுவந்து போட்டு இரண்டு மாதம் ஆகிறது.

கடைக்காரிக்குப் போன் போட்டாள். மாத்திரையின் பெயரைப் படித்துக் காட்டியதும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

"வேற மருந்து சாப்பிடறியான்னு கேட்டேனா இல்லையா?"

"கேட்ட. ஆனா இது தும்மல் மாத்திரைதானே? இதெல்லாமா மருந்து?"

"பின்ன என்ன, மிட்டாயா? அது பழைய ரகம்டி. தும்மல் கிளப்பற நாற்காலில உக்காந்து தும்மலைத் தடுக்கும், சரி. ஆனா மூளைக்குள்ளயும் போயிடும். தூக்கம் வரவைக்கும். போதாதுன்னு அசிடைல்கோலின் நாற்காலிலயும் போய்ப் பேப்பர் விரிக்கும். நினைவுக்கு முக்கியம்னேனே, அந்த நாற்காலி!"

"அப்ப நான் ஒரு பக்கம் வாடிக்கையாளரைச் செய்ய மூலப்பொருள் போட்டுட்டு..."

"இன்னொரு பக்கம் நாற்காலிய நிரப்பிட்டிருந்த. நடுவுல தூங்காம இருக்கக் காபியும் குடிச்சிருப்ப."

"நாலு," என்றாள் கமா மெல்ல. "அப்ப பச்சை மாத்திரை உதவுமா, உதவாதா?"

"உன் பத்து நாளை வச்சு அதைப்பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது. தும்மல் மாத்திரைதான் காரணம்னுகூட அடிச்சுச் சொல்ல மாட்டேன், சந்தேகப்படலாம். திங்கக்கிழமை டாக்டரைப் பாரு. மூளைக்குள்ள அதிகம் போகாத ரகம் இருக்கு, உனக்கு ஒத்துக்குமான்னு அவர் சொல்லட்டும்." பிறகு கேட்டாள்: "ஆமா, இந்த மாதிரி பாட்டில்ல எச்சரிக்கை வரி ஒண்ணு இருக்குமே, வேற மருந்து எடுக்கறவங்க டாக்டரைக் கேக்கணும்னு. உன் லேபிள்ல இல்லையா? நீ பாக்கலையா?"

"பாத்தேனே. பதினோரு தடவை படிச்சேன்."

"படிச்சு?"

"சேர்த்து எழுதறதா, பிரிச்சு எழுதறதான்னு பாத்தேன். சரியா இருந்துச்சு. வட்டம் போட்டேன்."

பதினோரு தடவை படித்த வரி தன்னைப் பார்த்துத்தான் பேசியது என்று அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. போனை வைத்தாள்.

மாமா தாளைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். "எங்க வேலைல தளத்து நம்பருக்கு வட்டம் போட்டா, லிஃப்ட் அங்க நிக்காதுன்னு அர்த்தம். உங்க அக்காவுக்கு சைபர். உனக்கு அப்படியே விடு. ஒரு வட்டம், எத்தனை அர்த்தம் பாரு."

கமா மறுபடி போனைக் கையில் எடுத்தாள்.

அச்சகத்தில் லேபிளைக் கணினியில் வடிவமைக்கிறவர் வேறு அச்சகத்திலிருந்து வந்து ஆறு வாரம்தான் ஆகிறது. எல்லோரும் அவரைப் புதுசு என்றுதான் கூப்பிடுகிறார்கள். புதுசு அந்த வட்டத்துக்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டிருப்பார்? திருத்திய படியில் அந்த வரி இருந்ததா? கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். மூளையைக் கசக்கிப் பிழிந்தாள். ஆறு சாய்கோடுகள் நினைவிருக்கின்றன. வரி இருந்ததா இல்லையா என்பது மட்டும் வரவில்லை. அது வியாழக்கிழமை, கட்டர் ஓடிய நாள், இரண்டு மாத்திரை போட்டிருந்த நாள்.

புதுசுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. அச்சகத்திலும் யாரும் எடுக்கவில்லை.

*

சனிக்கிழமை ஏழே காலுக்கெல்லாம் அச்சகத்தில் இருந்தாள். ஆனால் இயந்திரக்காரர் அவளுக்கு முன்பே வந்து, தகட்டை மாட்டி, வண்ணம் பார்க்க நாலைந்து தாள் ஓட்டிவிட்டிருந்தார்.

"என்ன கமா, காற்புள்ளி ஏதாவது விட்டுப்போச்சா?"

"அண்ணே, ஒரு தாள் குடுங்க."

பச்சை மை காயாத தாள். பெரிய எழுத்து இருந்தது. மூளைப் படம் இருந்தது. அடியில் பொடி எழுத்து இருக்கவேண்டிய இடம் வெள்ளையாக, அழகாக, துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"அண்ணே, ஓட்டாதீங்க."

"எட்டு மணிக்கு ஓட்டணும்னு..."

"காலைப் பிடிச்சுக் கேக்கறேன், ஓட்டாதீங்க."

புதுசு வந்து பார்த்துவிட்டு, பழைய படியைத் தேடி எடுத்து மேஜையில் விரித்தார். "நீங்கதானேங்க வட்டம் போட்டிருக்கீங்க? எங்க பழைய இடத்துல வட்டம்னா தூக்கிடுன்னு அர்த்தம். தூக்கிட்டேன். நல்லாக் காத்தோட்டமா இருக்கேன்னு நினைச்சேன்."

"இங்க வட்டம்னா தொடாதேன்னு அர்த்தம்."

"யாரும் சொல்லலையே."

உண்மைதான். யாரும் சொல்லவில்லை. அக்காவிடமும்தான் அவள் சொல்லவில்லை.

எட்டரைக்கு முதலாளியம்மா வந்தார். நிற்கிற இயந்திரத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். கமா எதையும் மறைக்கவில்லை. வட்டம், வியாழக்கிழமை, தும்மல் மாத்திரை, பத்து நாள் சோதனை, சைபர், நாற்காலி, பேப்பர் படிக்கிறவர் என்று முன்னும் பின்னுமாகக் கொட்டினாள். கேட்டுக்கொண்டிருந்தவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும்.

"மூளைக்குள்ள முடி வெட்டற கடையா?"

"அது... ஒரு உதாரணம், மேடம்."

"கையெழுத்து உன்னுதுதானே?"

"என்னுதுதான்."

"ஆனா அச்சாகல."

"ஆகல, மேடம்."

"அப்ப இது நாலாவதா, இல்லையா?"

கமாவுக்கும் அதுதான் தெரியவில்லை. பிழை நடந்திருந்தது. ஆனால் வெளியே போகவில்லை. விட்டதும் அவள், பிடித்ததும் அவள். "தெரியல, மேடம்," என்றாள்.

முதலாளியம்மா வரியைச் சேர்த்து ஓட்டச் சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டார். புதுத் தகடு போட்டு, மத்தியானம் லேபிள் ஓடியது. பொடி எழுத்து வரி அதனிடத்தில் இருந்தது. கமா அதைப் பன்னிரண்டாவது தடவை படித்தாள். இந்தத் தடவை எழுத்தைப் பார்க்கவில்லை, சொன்னதைக் கேட்டாள்.

*

திங்கட்கிழமை காலை டாக்டரைப் பார்த்துவிட்டுத் தாமதமாகத்தான் வந்தாள். பழைய தும்மல் மாத்திரையை நிறுத்தச் சொல்லி வேறு ரகம் எழுதிக்கொடுத்திருந்தார். பச்சை மாத்திரையை இப்போதைக்கு மூடி வைக்கச் சொன்னார்.

அறிவிப்புப் பலகையில் அந்த வாரத்துக்கான பணிப் பட்டியல் ஒட்டியிருந்தது. பிழைதிருத்தம் என்ற தலைப்புக்குக் கீழே வெறுமை. பேக்கிங் என்ற தலைப்புக்குக் கீழே, நாலாவது பெயராக, கமா.

அந்தப் பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

பலகையின் முன்னால் நின்றாள். இது அவளுடைய வட்டம் என்றால், தொடாதே, பேக்கிங்கிலேயே இருக்கட்டும். புதுசின் வட்டம் என்றால், பேக்கிங்கிலிருந்து தூக்கிவிடு. அக்காவின் வட்டம் என்றால் அவள் எங்கேயுமே இல்லை. மாமாவின் வட்டம் என்றால் லிஃப்ட் நிற்காது.

பின்னால் வந்து நின்ற இயந்திரக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன கமா, பேக்கிங்கா?"

"தெரியல, அண்ணே."

"வட்டம் போட்டிருக்கே?"

"அதனாலதான் தெரியல."

ஊகித்துக்கொண்டு போவதில்லை என்று தீர்மானித்தாள். பையிலிருந்து பென்சிலை எடுத்து, வட்டத்துக்குப் பக்கத்தில், பலகையிலேயே எழுதினாள்: "பெயர் இருக்கட்டுமா, எடுக்கவா? எழுத்தில் சொல்லவும்." படித்துப் பார்த்தாள். காற்புள்ளி சரியான இடத்தில்தான் இருந்தது.

பிறகு எங்கே போய் நிற்பது என்று தெரியாமல், தன் மேஜைக்கும் பேக்கிங் பகுதிக்கும் நடுவில் நின்றாள். அன்று கட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு முறை தும்மினாள்.

கால் மணி நேரம் கழித்துப் பலகையைப் பார்த்தபோது, அவள் கேள்விக்குக் கீழே சிவப்பு மையில் பதில் இருந்தது. முதலாளியம்மாவின் கையெழுத்து, எழுத்துகள் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எழுதிக் காட்டியது போலப் பெரிதாக இருந்தன.

"எடு. மேஜையையும் கட்டர் பக்கத்திலிருந்து எடு."

கமா அதை மூன்று தடவை படித்தாள். சந்தி சரி. ஒற்று சரி. அர்த்தமும் ஒன்றுதான் என்று உறுதி செய்துகொள்ள, நாலாவது தடவையும் படித்தாள்.

"அண்ணே," என்று கூப்பிட்டாள், "இந்த மேஜைக்கு ஒரு கை பிடிங்க."